பந்தயத்துக்கு ஒரு படகு, விருந்தாளிக்கு ஒரு படகு, காசு ஒன்றுக்குத்தான்

கொழுந்து எடை போடும் தராசில் படகுக் கதவைத் தொங்கவிட்டுப் பார்த்தவர்கள் கோத்தகிரியில் நாங்களாகத்தான் இருப்போம்.

போன மாதம் அக்கா மகன் இரண்டு கதவுகளை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தான். தாய்லாந்தில் படகு கட்டும் ஒரு யார்டு அனுப்பிய மாதிரிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே அதே தேக்கு வெனீர், அதே பளபளப்பு. ஷெட்டில் கொழுந்து மூட்டை மாட்டும் கொக்கியில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம். ப்ளைவுட் கதவு பதினொன்றரை கிலோ. நடுவில் ஃபோம் வைத்தது நாலேகால். எடை எழுதுகிற பெண் நோட்டை விரித்துப் பேனாவை எடுத்து, “இது யார் பேர்லங்க எழுதட்டும்?” என்றாள்.

“ஏழேகால் கிலோ குறையறதுக்கு மூணு மடங்கு விலையா மாமா?” என்று கேட்டான் அவன்.

அவனுக்கு இங்கே இரண்டு எஸ்டேட் பங்களாக்கள் உண்டு. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். சென்னையில் படித்த காலத்தில் துறைமுகத்துக்குள் சின்னப் பாய்ப்படகு ஓட்டிப் பழகியவன். இப்போது இரண்டு நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து 45 அடியில் ஒரு பாய்மர யாட் கட்டப் போகிறான். தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவில் நிறுத்தி, டிசம்பரில் அங்கே நடக்கும் கிங்ஸ் கப் பாய்ப்படகுப் பந்தயத்தில் ஓட்ட வேண்டும். மற்ற நாட்களில் சமையல்காரரோடும் கேப்டனோடும் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட வேண்டும், அதாவது சார்ட்டர். நான் 22 வருடம் வளைகுடாவில் ஃபைபர் படகு யார்டுகளில் கழித்தவன் என்பதால் கேள்வி என் வாசலுக்கு வந்தது. நாங்கள் அலசியதை எழுதிவைத்தால் இதே ஆசையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் வேகத்தைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தெளிவித்துவிடலாம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் எடையுள்ள படகுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அந்த வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 41 அடிக்கு எட்டரை நாட், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் பஸ் மலை ஏறும்போதே அதைவிட வேகமாக வரும். மிக இலகுவான படகுகள் அலைமேல் சறுக்கி இந்த வரம்பைத் தாண்டும், மற்றவை தாண்டாது. ஆகவே இந்த மாதிரிப் படகில் பந்தயம் என்பது உச்ச வேகத்தில் இல்லை. மெல்லிய காற்றில் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது, காற்று வரும் திசையை எவ்வளவு ஒட்டி ஏறுகிறது என்பதில்தான் இருக்கிறது. அங்கேதான் எடை காலை வாரும்.

அதை அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாயின் பரப்பை, படகு இடம்பெயர்க்கும் நீரின் கன அளவுக்கு மூன்றில் இரண்டு அடுக்கு எடுத்து வகுப்பார்கள். 45 அடியில் 7 டன், 110 சதுர மீட்டர் பாய் என்றால் 30ஐத் தொடும். அது பந்தயப் படகு. 10 டன், 100 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 22. அதே பாயை வைத்துக்கொண்டு எடை 13 டன்னுக்கு ஏறினால் 18. குளிரூட்டி, ஜெனரேட்டர், நாலு டாய்லெட், மரவேலை எல்லாம் ஏறிய விருந்தாளிப் படகு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நிற்கும். மூன்றுக்கும் நீளம் ஒன்றே. கரையிலிருந்து பார்த்தால் வித்தியாசம்கூடத் தெரியாது.

முதல் யோசனை நண்பர்களில் இளையவருடையது: பந்தயப் படகை வாங்கி உள்ளே மெத்தை போட்டுவிடலாம். இதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். கார்பன் உடல், மூன்று மீட்டரை நெருங்கும் ஆழம், உள்ளே குழாய்ச் சட்டத்தில் துணி கட்டிய படுக்கை, திரை போட்ட ஒரு டாய்லெட். ஹனிமூன் ஜோடி ஒரு ராத்திரி தாங்காது. அவர்கள் கூகுளில் எழுதப்போகும் விமர்சனத்தை இப்போதே என்னால் சொல்ல முடியும்.

ஆனால் சொகுசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. 2014 மே மாதம் சீக்கி ரஃபீக்கி என்ற 40 அடிப் படகு கரீபியனில் பந்தயம் முடிந்து இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அட்லாண்டிக் நடுவில் கீல் கழன்று கவிழ்ந்தது. நாலு பேரும் போய்விட்டார்கள். அது வாடகைக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஓடிய படகு. முன்பு தரை தட்டியதும் அதற்குப் பிறகு நடந்த பழுதுபார்ப்பும் கீலைத் தாங்கும் உட்கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. கீல் என்பது படகின் வயிற்றுக்கு அடியில் துருத்தி நிற்கும் ஈயமோ இரும்போ; காற்று படகைச் சாய்க்கும்போது இழுத்து நிமிர்த்துவது அதுதான். பந்தயக்காரன் தரை தட்டினால் படகை மேலே ஏற்றி, போல்ட்டு போல்ட்டாகப் பார்ப்பான். வாடகைக்கு எடுத்தவன் தட்டினால் வாயைத் திறக்க மாட்டான். நம் பங்களாவில் உடைந்த டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறார்களே, அதே மனிதர்கள்தான். மெல்லிய உட்கூட்டை ஒட்டி மட்டும் வைத்திருக்கும் படகில் அந்த அடி வெளியே தெரியாமல் உள்ளேயே கிடக்கும்.

அதற்கு நேரெதிர் யோசனை, விருந்தாளிப் படகை வாங்கிப் பந்தயப் பாய் மாட்டுவது. பணக் கணக்கில் இதுதான் முதலிடம். கடைசியில் மற்ற இரண்டு பங்குதாரர்களும் இதன் பக்கமே சாய்ந்தார்கள். நாலு கேபின், நாலு டாய்லெட், எல்லாப் பாயும் பட்டன் தட்டினால் சுருளும். சுருளும் பாயில்தான் வில்லங்கமும் ஆரம்பிக்கிறது. பெரிய பாயைப் பாய்மரத்துக்குள்ளேயே சுருட்டிவிடும் ஏற்பாட்டில், பாயின் பின்விளிம்பு வெளியே அவ்வளவாகப் பிதுங்கி நிற்க முடியாது, பெரும்பாலும் உள்வாங்கித்தான் வெட்ட வேண்டும். அத்தனை பரப்பு போயிற்று. சுருட்டும் யந்திரத்தின் எடையோ உச்சியில் ஏறிக்கொள்ளும். உச்சியில் ஏறிய ஒரு கிலோவை ஈடுகட்டக் கீழே பல கிலோ ஈயம் வேண்டும். பிறகு வாங்கும் விலையுயர்ந்த பந்தயப் பாய் அந்த மரத்தில் ஏறவே ஏறாது. அதற்கான தண்டவாளமே அதில் கிடையாது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைக் கேட்டதும் பையன் முகம் மலர்ந்தது. மெதுவான படகு ஜெயிக்கவே முடியாது என்பதில்லை. வெவ்வேறு படகுகள் ஓடும் பந்தயங்களில் ஐஆர்சி, ஓஆர்சி போன்ற ரேட்டிங் முறைகள் உண்டு. ஐஆர்சியில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெருக்கெண் கொடுப்பார்கள். ஓடிய நேரத்தை அதனால் பெருக்கித்தான் வெற்றி தோல்வி. என் படகு 1.050, பக்கத்துப் பந்தயப் படகு 1.200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சரியாக 4 மணி நேரத்தில் முடித்தால் அவர் கணக்கு 288 நிமிடம். நான் 274 நிமிடத்தில் வந்தால் போதும், என் கணக்கு 287.7. கண்ணுக்கு 34 நிமிடம் பின்னால் வந்தும் கோப்பை எனக்கு. ஐஆர்சியின் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. ஓஆர்சி தன் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இரண்டும் எடைக்குக் கொஞ்சம் கருணை காட்டும். காட்டாதது ஒன்று: ரேட்டிங் எதிர்பார்க்கிற வேகத்தைக்கூட எட்டாத படகு. சுருங்கிய பாயும் கனத்த மூக்கும் உள்ள படகுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எட்டாது.

இதற்கு நல்ல சாட்சி 1973–74ல் நடந்த முதல் விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயம். அதில் ஜெயித்த சயூலா 2 பந்தயத்துக்கென்றே கட்டிய முரட்டுப் படகு இல்லை. ஃபின்லாந்தில் நாட்டோர் யார்டு கட்டிய ஸ்வான் 65. முறையான கேபின்களும் சமையலறையும் உள்ள படகு. மெக்சிகோக்காரர் ரமோன் கார்லின் சொந்தப் பணத்தில் வாங்கி, குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு போனார். அதை வரைந்தவர்கள் ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற படகு வடிவமைப்பு நிறுவனத்தார். உடலையும் கீலையும் அவர்கள் கடலுக்காக வரைந்தார்கள், சொகுசு அதற்குள் அடங்கி உட்கார்ந்தது. வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் ஜீப்பே அதற்கு உதாரணம். காலையில் கொழுந்து ஏற்றி ஃபேக்டரிக்குப் போகும், பிற்பகல் விருந்தாளிகளை வியூ பாயிண்டுக்குக் கூட்டிப்போகும். பின்சீட்டு நாலு போல்ட்டில் கழன்று வரும். என்ஜினும் சேஸிஸும் ஃபோர் வீல் கியரும் மூட்டைக்காக வாங்கியவை. சீட்டும் தார்ப்பாயும் விருந்தாளிக்காகப் பிறகு வந்தவை. இதையே தலைகீழாக்கி, சொகுசுக் காரை வாங்கி எஸ்டேட் பாதையில் கொழுந்து ஏற்றினால் ஒரே மழைக்காலத்தில் அடித்தட்டு போய்விடும். பின்னால் மாற்ற முடியாததைப் பந்தயத்துக்குக் கொடு, கழற்றி மாட்டக்கூடியதை விருந்தாளிக்குக் கொடு என்று அவனிடம் சொன்னேன். மாற்ற முடியாதவை எவை? உடலின் வடிவம், கீல், பாய்மரமும் அது நிற்கும் இடமும், உட்கட்டமைப்பு. மற்றதெல்லாம் போல்ட்டு சமாசாரம்.

“அப்போ கீலையே போல்ட்டு சமாசாரமா ஆக்கிடலாமே மாமா, தூக்கி இறக்கற மாதிரி?” என்றான். தூக்கும் கீல் கேட்க மந்திரம் போலத்தான் இருக்கும். பந்தயத்தில் இறக்கினால் மூன்று மீட்டர்; ஃபூக்கெட்டுக்குப் பக்கத்துப் பங்-ஙா விரிகுடா மாதிரி ஆழமில்லாத இடத்தில் தூக்கினால் ஒன்றே முக்கால். விருந்தாளியைச் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் காலடி வரை கொண்டுபோகலாம். ஆனால் கீல் ஏறி உட்கார ஒரு பெட்டி வேண்டும். 45 அடிப் படகில் அந்தப் பெட்டி ஹால் நடுவில், சாப்பாட்டு மேஜை இருக்க வேண்டிய இடத்தில் தூண் மாதிரி நிற்கும். ஹைட்ராலிக்கும் தாங்கு இடங்களும் வருடா வருடம் கவனிப்புக் கேட்கும். தூக்கிய நிலையில் படகு நிமிரும் பலம் எவ்வளவு குறைகிறது என்பது கேப்டனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் சிசிலிக்கு அருகே மூழ்கிய பேயிசியன் 56 மீட்டர் நீளச் சொகுசுப் பாய்மரக் கப்பல். உலகிலேயே மிக உயரமான பாய்மரங்களில் ஒன்றைச் சுமந்தது. நங்கூரமிட்டு நின்ற இடத்தில் புயலடித்து 7 பேர் இறந்தார்கள். அப்போது அதன் கீல் தூக்கிய நிலையில் இருந்தது. கீல் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எஜமான் ஊரில் இல்லாமல், சம்பளக் கேப்டன் ஓட்டும் வாடகைப் படகில் தூக்கும் கீலை நான் போட மாட்டேன். 2.3 மீட்டரில் நிலையான ஈயக் கீல். சில தீவுகளுக்கு டிங்கி என்ற சின்னத் துணைப் படகில்தான் போக வேண்டியிருக்கும், போகட்டும்.

கேட்டமரானைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் சார்ட்டர் சந்தையில் இன்றைக்கு அதுதான் ராஜா. பெயர் நம்முடையது, கட்டுமரம். ஆனால் பிரெஞ்சு யார்டில் இரண்டு உடல்களைச் சேர்த்து வார்த்த அந்த வீட்டுக்கும் நாலு கட்டையைக் கயிற்றால் பிணைத்துக் கடலேறிய நம் மீனவரின் மரத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு குறைவு. சாயாது, டீ சிந்தாது, ஒன்றே கால் மீட்டர் ஆழம் போதும், ஹால் எங்கள் பங்களா வராந்தா அளவு இருக்கும். லாபம் மட்டுமே குறி என்றால் இதை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பந்தயமும் வேண்டும் என்றால்தான் சிக்கல். சார்ட்டருக்கென்று கட்டிய கேட்டமரான் காற்றுக்கு எதிரே ஏறும்போது நல்ல ஒற்றை உடல் படகைவிட அகலமான கோணத்தில்தான் போகும். அதில் பல டன் சாமானை ஏற்றினால் இரண்டு உடல்களின் சாதகமும் கரைந்துபோகும். கார்பனில் இலகுவாகக் கட்டிய சொகுசுக் கேட்டமரான்கள் இருக்கின்றன, பறக்கும். விலையும் பறக்கும். மூன்று பங்குதாரர்களின் தேயிலையை மொத்தமாக விற்றாலும் அது கட்டுப்படியாகாது.

கடைசியாக நான் வைத்த யோசனை அவனுக்குப் பிடிக்கவில்லை. வசதியான படகு ஒன்றை வாங்கி வருடம் முழுக்க வாடகைக்கு விடு, பந்தய வாரத்தில் மட்டும் வேறொருவரின் பந்தயப் படகை வாடகைக்கு எடு. ஊருக்கு ஊர் அப்படிக் கிடைக்கிறது. காலண்டரும் இதையே சொல்கிறது. 1987ல் ஆரம்பித்த கிங்ஸ் கப் டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும். ஃபூக்கெட்டில் கடல் அமைதியாகி விருந்தாளிகள் குவிவதும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பந்தயத்துக்கு முந்தைய வாரம் பயிற்சி, அடிப்பாகம் சுரண்டல், பாய் மாற்றல். பிந்தைய வாரம் ரிப்பேர். சீசனில் மூன்று வாரம் போயிற்று. மலர்க் கண்காட்சி சமயத்தில் பங்களாவைப் பூட்டிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போவது போல. உண்மையான உச்சம் கிறிஸ்துமஸுக்குத்தான் என்பதால் முழு நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நோட்டில் எழுதிப் பார்த்தால் வலிக்கும்.

“வாடகைப் படகுல ஜெயிச்சா அது நம்ம படகு ஜெயிச்சதா ஆகுமா மாமா?” என்றான். என் நோட்டில் இதை எழுதக் கட்டம் இல்லை. பேசாமல் டீயைக் குடித்தேன்.

ஆகவே நடுவழி: 45 அடி, 10 டன்னை ஒட்டிய, ஓட்டம் நன்றாக உள்ள குரூயிசர், அதாவது தங்கிப் பயணம் போகும் படகு. இதை எல்லோரும் சொல்வார்கள். எந்த இடத்தில் காசைக் கொட்டுவது, எந்த இடத்தில் பிடிப்பது என்பதில்தான் படகு தேறுவதும் தேறாததும். கீலின் வேரை உடலோடு சேர்த்துப் பிடிக்கும் சட்டத்தைப் பசையால் ஒட்டாமல், ஃபைபரும் ரெசினும் அடுக்கி லாமினேட் செய்து ஒரே உடலாக்க வேண்டும். எந்த போல்ட்டையும் தரைப்பலகையைத் தூக்கினால் பார்க்க முடிய வேண்டும். அலுமினியத்துக்குப் பதிலாகக் கார்பன் பாய்மரம் வேண்டும், அதுவும் பின்னால் எளிதில் மாற்ற முடியாத சங்கதி. பாய்க்கு இரண்டு செட்: வாடகைக்கு வெயிலைத் தாங்கும் டாக்ரான் துணிப் பாய், பந்தயத்துக்கு மெம்பிரேன் என்ற மெல்லிய பாய். பந்தயப் பாயை விருந்தாளிப் பயணத்தில் ஏற்றினால் அதன் வடிவம் சீக்கிரமே செத்துவிடும். அதைக் கரையில் பூட்டி, சாவியைக் கேப்டனிடம் கொடுக்காதே என்றேன்.

பிடிக்க வேண்டிய இடம், தேக்குத் தளம். கூடலூரைத் தாண்டி இறங்கினால் நிலம்பூர். தேக்கின் மேல் நமக்கு ஒரு பாசம் இருப்பது இயல்பு. மலபார் தேக்கில் பம்பாயில் 1817ல் கட்டிய ட்ரிங்கமாலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஆனால் 20 சதுர மீட்டர் தளத்தில் 10 மில்லிமீட்டர் தேக்கு என்றால் ஏறத்தாழ 130 கிலோ. அதுவும் மேல்தளத்தில், தப்பான இடத்தில். வெயிலில் கால் சுடும். உட்காரும் இடத்தில் மட்டும் போட்டு, மற்ற இடத்தைச் சொரசொரப்பான பெயிண்டோடு விட்டுவிடலாம்.

நங்கூரச் சங்கிலி யாரும் யோசிக்காத ஒன்று. 10 மில்லிமீட்டர்ச் சங்கிலி மீட்டருக்கு இரண்டேகால் கிலோ. 60 மீட்டருக்கு 135 கிலோ. அது கிடப்பது அணியத்தில், படகின் மூக்கு நுனியில். ஊட்டி ஏரியில் துடுப்புப் படகின் முன்பலகையில் இரண்டு பெரியவர்களை உட்காரவைத்துப் பாருங்கள், மூக்குக் குத்திக்கொண்டு எருமை மாதிரி நகரும். ஆகவே சங்கிலிப் பெட்டியைப் பாய்மரத்துப் பக்கம் பின்னால் தள்ளி வரையச் சொன்னோம். பந்தய வாரத்தில் அதை இறக்கிவிட்டுக் கயிறு கட்டிய இலகுவான நங்கூரம். எதை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது என்பதை ரேட்டிங் சான்றிதழ் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எடை குறைந்தால் ரேட்டிங்கும் ஏறும் என்பதால் இறக்குவதெல்லாம் லாபமும் ஆகாது.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் கதவையும் ஃபோமில் போட வேண்டியதில்லை. பாய்மரத்தை ஒட்டிய நடுப்பகுதியில் ப்ளைவுட்டே போதும். அங்கே ஏழு கிலோ படகை ஆட்டாது. அணியக் கேபினிலும் பின்கோடியிலும் மட்டும் ஃபோம். இதே விதி அலமாரிக்கும் கட்டில் பலகைக்கும். செலவு பாதியாக இறங்கியதும் மற்ற இரண்டு பங்குதாரர்களும் ஃபோனில் குரல் இறங்கினார்கள்.

கேபின் மூன்று, கேப்டனுக்கும் சமையல்காரருக்கும் தனியே அடைப்பு ஒன்று, டாய்லெட் இரண்டு என்று வரைந்து முடித்த அன்றைக்கு அவன் மனைவி வந்தாள். பங்களா புக்கிங் முழுவதும் அவள் கையில். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மூணு ரூமுக்கு ரெண்டு பாத்ரூமா? பங்கு போடற ரூமுக்கு யாரும் ரெண்டாந்தடவ வரமாட்டாங்க மாமா. கீசர்ல தண்ணி சூடா வரலைன்னே ஒத்த ஸ்டார் போடறாங்க” என்றாள். தொட்டி, பம்ப், கதவு, குழாய் எல்லாம் சேர்த்தால் 80 கிலோ வரும் என்றேன். “அந்த எம்பது கிலோதான் மத்ததுக்கு வாடகை கட்டுது” என்றாள். பதில் சொல்ல நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் வரைபடத்தைப் பார்த்தான்.

மூன்றாவது டாய்லெட் வருகிறது. அதன் தொட்டியைக் கீலுக்கு நேர் மேலே, தரைக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி யார்டுக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை ப்ளைவுட் கதவு ஷெட்டிலேயே கிடக்கிறது. இரண்டு காலி டின் மேல் படுக்கவைத்து அந்தப் பெண் எடை நோட்டுக்கு மேஜையாக்கிக்கொண்டுவிட்டாள்.